இறந்தவர் குடித்த சூப்பும் திருப்பி வைத்த காலணியும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே நான், உங்கள் அக்கா, என் வலது கணுக்காலில் இருக்கும் மாவுக்கட்டு ஆகிய மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுதவும். முதலில் ஒரு செய்தி: ஜெயித்துவிட்டேன். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டு படிக்காதீர்கள், நீளம்.

பல்பு மாற்றுகிறேன் என்று ஸ்டூலில் ஏறி, பல்பை மேலேயே விட்டுவிட்டு நான் மட்டும் கீழே வந்தது உங்களுக்குத் தெரியும். ஆறு வாரம் கால் தரையில் படக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று நீங்கள்தான் வந்து டிவியில் அந்தக் கொரியத் தொடரை ஏற்றி வைத்து, "பாருங்க அத்தான், பொழுது போகும். ஆனா ரெண்டு பாகம் தாண்ட மாட்டீங்க" என்று சவால் விட்டுப் போனீர்கள். காப்பீட்டு நிறுவனத்தில் முப்பத்தோரு வருடம் விசாரணை அதிகாரியாக இருந்தவன் நான். எரிந்த கடையைப் பார்த்தாலே முதலாளி தீக்குச்சியை எந்தக் கையால் கிழித்தார் என்று சொல்லிவிடுவேன். என்னிடம் போய் இப்படி ஒரு கதையா! உங்கள் அக்கா காலையில் நூலக வேலைக்குக் கிளம்பியதும் ரிமோட்டும் நோட்டுமாக உட்கார்ந்தேன். அய்யா, அது கதையா, சல்லடையா? முதல் நாளே குடும்பத் தலைவர் இறந்துபோய் எல்லாரும் கறுப்புச் சட்டையில் அழுகிறார்கள். மறுநாள் அவரே சம்மணம் போட்டு உட்கார்ந்து சூப் குடிக்கிறார், 'நீங்க நேத்துதானே செத்தீங்க' என்று ஒருத்தர் கேட்க வேண்டுமே! கதாநாயகிக்கு ஞாபகம் போகிறது, வருகிறது, சலித்துப்போய் மறுபடி போகிறது. ஒரே வெள்ளை லாரி மூன்று ஊரில் மூன்று பேரை இடிக்கிறது. அந்த ஓட்டுநருக்கு உரிமம் கொடுத்த புண்ணியவான் யார்? இன்னொருவன் அடிபடுவதற்கு முந்தியே கையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரிகிறான். சாயங்காலம் உங்கள் அக்கா கைப்பையைக் கீழே வைப்பதற்குள் பட்டியலை வாசித்துக் காட்டுவேன். "ஏங்க, அவங்க என்ன உங்ககிட்ட க்ளெயிமா கேட்டாங்க? பிடிக்கலன்னா அணைச்சிடுங்க" என்பாள்.

அணைக்க முடியவில்லை, மைத்துனரே. செத்துப்போய் சூப் குடித்தாரே, அந்த அப்பாதான் காரணம். படகு எஞ்சின் பழுது பார்ப்பவராக வருகிறார். அதிகம் வசனமே கிடையாது. ஒரு மதியம், அவருடைய மகள் வீட்டுக்கு வந்து கத்து கத்தென்று கத்துகிறாள். (முந்தின காட்சியில் அவள் வேறு நாட்டில் இருந்தாள். எப்படி வந்தாள்? கேட்காதீர்கள்.) அவர் பதில் சொல்லாமல் எழுந்து வாசலுக்குப் போகிறார். அவள் கழற்றிப் போட்ட காலணிகள் உள்பக்கம் பார்த்துக் கிடக்கின்றன. எண்ணெய்க் கறை பிடித்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, இரண்டையும் வெளிப்பக்கமாகத் திருப்பி வைக்கிறார். கோபத்தோடு கிளம்பும்போது அவள் தடுமாறிவிடக் கூடாதாம். அவ்வளவுதான். கீழுதடு மட்டும் ஒரு தரம் உள்ளே போய் வெளியே வந்தது. ஓட்டையை எழுத நோட்டில் வைத்த பேனா வைத்தபடி இருக்கிறது, பக்கம் நனைந்துபோச்சு.

நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் நம் பெண், "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டப்ப பழக்கமாச்சுப்பா, அவரைத்தான் கட்டிக்கப் போறேன்" என்றாள். நான் அந்தக் கட்டடத்துக்கே போய் லிஃப்ட் பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டி, அந்த மாதம் முழுக்க லிஃப்ட் பழுதாகி நிற்கவே இல்லை என்று கண்டுபிடித்து, மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்த ஹாலிலேயே "கதை ஒட்டலையே தம்பி" என்றேன். அன்று போனவள்தான். கல்யாணம் பதிவு அலுவலகத்தில். போனை நான் எடுத்தால், "அம்மா இல்லையா?" அவ்வளவுதான் பேச்சு.

டிவியை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டேன். எடுத்ததுமே, "அம்மா லைப்ரரில இருப்பாங்களே" என்றாள். நான் கனைத்தேன்.

"அப்பா? மறுபடி விழுந்துட்டீங்களா?"

"இல்லம்மா. அந்த லிஃப்ட் கதை..."

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

"கேளும்மா. கதைல ஓட்டை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அன்னிக்கு அதச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்துச்சுன்னு நான் பாக்கவே இல்ல. பதிவேட்டத்தான் பாத்தேன். தப்பு என்னோடது."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "லிஃப்ட் பொய்தான்பா. அவர் காரை நான்தான் இடிச்சேன். ஆக்சிடென்ட்னு சொன்னா நீங்க ரிப்போர்ட் எழுத ஆரம்பிச்சிடுவீங்களேன்னு பயம்."

முப்பத்தோரு வருட அனுபவம் பொய்க்கவில்லை, பார்த்தீர்களா! ஆனால் அதை நான் அவளிடம் சொல்லவில்லை. என் வாழ்நாள் சாதனை அதுதான்.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். ஊன்றுகோலோடு நானே கதவைத் திறந்தேன். "லிஃப்ட் வேலை செய்யல மாமா, படியேறி வந்தோம்" என்றார் மாப்பிள்ளை. நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை! நம் பெண் என் மாவுக்கட்டில் பேனாவால் மீசை வரைந்தாள். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று அடுக்களைக்குப் போன உங்கள் அக்கா, குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிஷம் அங்கேயே நின்றாள்.

ஆகவே, அந்தத் தொடர் அப்பா நடித்தாரே, நடிப்பென்றால் அது நடிப்பு. கதை எழுதியவரை மட்டும் அரை மணி நேரம் என்னிடம் விட்டுப் பாருங்கள். பதினாறு பாகமும் தாண்டிவிட்டேன். தோல்வியை ஒப்புக்கொண்டு பதில் போடவும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள். உங்கள் முதுகுக்கு நல்லதாக ஒரு நாற்காலி வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற
உங்கள் அத்தான்

பி.கு.: உறையில் போட்ட கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை டிவியை நோண்டிப் பார்த்துவிட்டு, "மாமா, பாகமெல்லாம் கலைஞ்சு ஓடுற மாதிரி யாரோ செட் பண்ணியிருக்காங்க. நீங்க பதினொண்ணுல ஆரம்பிச்சு, நாலுக்குப் போயி, கடைசியப் பாத்துட்டு ரெண்டுக்கு வந்திருக்கீங்க" என்கிறார். அந்த யாரோ யார் என்று உங்களுக்கே தெரியும். ஆக, அப்பா செத்த பிறகு சூப் குடிக்கவில்லையாம். கதையைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். இரண்டு நாளாக நாலு பேரும் உட்கார்ந்து முதலிலிருந்து வரிசையாகப் பார்க்கிறோம். உள்ளதைச் சொல்கிறேன்: வரிசையாகப் பார்த்தால் கதை இன்னும் மோசம்.