சத்தமில்லாத மோட்டார்

நான் படித்தது மின் பொறியியல். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் மட்டும் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு ஒப்புக்கொள்வேன். காரணம், உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் என் அக்கா வைத்திருந்த தக்காளி நாற்றுப்பண்ணை. 'வைத்திருந்த' என்று சொல்லும்போதே பாதிக் கதை முடிந்துவிட்டது.

அது மே மாதம். நிழல்வலைக்குள் வரிசை வரிசையாக, நாற்று வளரும் குழித்தட்டுகள். தாராபுரத்து விவசாயி ஒருவர் கொடுத்த முதல் பெரிய ஆர்டர். திங்கட்கிழமை காலை வண்டி வரும். அந்த வெயிலில் தெளிப்பான் சில மணி நேரம் நின்றால் போதும், நாற்று செத்துவிடும்.

தெளிப்பானுக்குத் தண்ணீர் தள்ளும் சின்ன மோட்டாருக்கு நானே ஒரு கன்ட்ரோல் பெட்டி செய்து கொடுத்திருந்தேன். (யாரும் கேட்கவில்லை.) உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் ஸ்விட்சுகள் விநாடிக்கு நாலாயிரம் தடவை ஆனாகி ஆஃபாகும். அதனால் மோட்டார் 'கொய்ங்' என்று அழுதுகொண்டே ஓடும்.

சனிக்கிழமை போயிருந்தபோது மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இந்தச் சத்தத்துக்கு ஒரு வழி பண்ண முடியாதுங்களா? மத்தியானம் கண்ணசர முடியறதில்லீங்க."

"அஞ்சு நிமிசம் போதுங்க மாமா."

நாலாயிரத்தைப் பதினாறாயிரமாக்கினேன். அந்தச் சுருதி எங்கள் வயதுக் காதுகளுக்கு எட்டாது. சத்தம் போயே போய்விட்டது. மாமா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்காவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"அந்தச் சத்தம் கேட்டாத்தான், அடுப்படில நின்னுட்டே ஓடுதுன்னு தெரிஞ்சுக்குவேன் கண்ணு. இனி எப்படித் தெரியும்?"

"பச்சை லைட் எரியுது பாருக்கா."

மறுநாள் இருவரும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். "மணிக்கொருக்கா உள்ள போயி நாத்தைத் தொட்டுப் பாத்துக்க" என்று அக்கா ரெண்டு முறை சொன்னாள். நான் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டேன். எதிரே மோட்டார் கொட்டகை, கதவு வழியே பச்சை விளக்கு, எங்கும் அமைதி. என் கைவண்ணத்தை நானே ரசித்தேன். பதினோரு மணி வாக்கில் ஏதோ கருகிய வாடை வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ரப்பரைக் கொளுத்துகிறார்கள், பொறுப்பற்ற ஜனங்கள் என்று முகம் சுளித்தேன்.

அக்கா போன் செய்தாள்.

"ஓடுதாடா?"

"அற்புதமா ஓடுது."

"போனைக் கொஞ்சம் மோட்டார் பக்கம் காட்டு."

கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டிக் காட்டினேன்.

"ஒண்ணும் கேக்கலியே."

"அதுதான் அக்கா என் வேலை."

ஒரு ஸ்விட்ச் ஆஃபாக இருந்தால் சூடில்லை, ஆனாக இருந்தால் கொஞ்சம் சூடு. ஆனிலிருந்து ஆஃபுக்கு மாறுகிற அந்த இமைப்பொழுதில்தான் மின்சாரம் கணிசமாக வீணாகிச் சூடாகிறது. தடவை நாலு மடங்கானால் அந்தச் சூடும் நாலு மடங்கு. இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். தகரக் கூரைக்குக் கீழே, மே மாதத்தில், அது ஞாபகத்துக்கு வரவில்லை. பதினோரு மணிக்கே ஸ்விட்சுகள் கருகி மோட்டார் நின்றுபோயிருந்தது. பச்சை விளக்கோ, பெட்டிக்குள் கரண்ட் வருகிறது என்று மட்டும் சொல்லும். மோட்டாருக்குப் போகிறதா என்பது அதற்குத் தெரியாது. (அதையும் பொருத்தியது நான்தான்.)

மூன்று மணிக்கு வந்தார்கள். அக்கா பட்டுப்புடவையோடு நேராக நிழல்வலைக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் ஒரு தட்டு. எல்லா நாற்றுகளும் ஒரே பக்கமாகத் தலை சாய்ந்து கிடந்தன. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"சாப்பிட்டியா கண்ணு?" என்றாள்.

அன்றைக்கு நாலு அறை கொடுத்திருந்தால் இத்தனை வருஷம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை வண்டி காலியாகத் திரும்பியது. அதன்பின் யாரும் பெரிய ஆர்டர் தரவில்லை. அந்த நிழல்வலைக் கம்பங்களில் இப்போது துணி காய்கிறது.

இன்றும் ஏதாவது விசேஷத்தில் நான் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் மாமா உரக்கச் சொல்வார்: "மாப்பிள்ளை சத்தமில்லாம இருக்காருங்க. யாராச்சும் போயித் தொட்டுப் பாருங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே வந்து என் நெற்றியில் கை வைப்பாள். ஓடிக்கொண்டிருப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன்.