நாலு காலம் போதும்

என் மனைவி தாட்சாயிணியை மறுபடியும் என்னோடு பேச வைப்பது என்று முடிவு செய்து, வீட்டை இடித்தேன்.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன ஐப்பசியில் ஒரு மத்தியானம். நூம்பலில் எங்கள் பழைய வீட்டில் இருவரும் படுத்திருந்தோம். இருபத்தெட்டு வருஷத்துக் காங்கிரீட் கூரை, உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிவிட்டது. மேல்பூச்சு பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. சத்தம் கேட்டதும் பாய்ந்தேன். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை ஓடிய பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆகியிருப்பது ஞாபகம் வந்தது. திரும்பி வந்தால், வாசலில் தனியாக நிற்கிறாள். தலையெல்லாம் சிமென்டும் ரத்தமும். ஏழு தையல். திட்டவில்லை, அழவில்லை. அன்றோடு பேச்சும் நின்றது. முப்பது வருஷம் வாங்கிய திட்டுக்கெல்லாம் ஏங்கிப் போனேன்.

ஆவடி ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் இரும்போடு குடித்தனம் நடத்தியவன் நான். அதனால் புது வீடு முழுக்க இரும்பு. தூண் இரும்பு, உத்தரம் இரும்பு, கூரையும் இரும்புத் தகடு. பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கும் ஹபிபுல்லா பாயிடம் வேலையை ஒப்படைத்தேன். படம் நானே போட்டேன். இருவருக்கும் ஒரே பெரிய அறை. அவள் எதிரே விரித்து ஒரு மணி நேரம் விளக்கினேன். பாரம் முழுக்கத் தூண் மேல்தான், சுவர் வெறும் மறைப்பு, நினைத்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அதை மட்டும் கவனமாகக் கேட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் எத்தினி காலங்க?"

கட்டட வேலையில் தூணுக்குக் காலம் என்று பெயர். ஆறு மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. பூரித்துப் போனேன்.

"நாலு காலம். அது போதும்."

"போதும்தான்" என்றாள்.

இரும்பு நிறுத்தும் நேரம் பார்த்து எனக்கு டெங்கு. மூன்று வாரம் குமணன்சாவடி வாடகை வீட்டில் கிடந்தேன். வேளாவேளைக்குக் கஞ்சி வைத்துவிட்டு, வேலையை மேற்பார்வையிட அவளே போய்வந்தாள். மனசு இளகிவிட்டது என்று படுத்தபடியே மகிழ்ந்தேன்.

எழுந்து போய்ப் பார்த்தால் ஆறு காலம் நிற்கிறது.

"அக்காதான் சொல்லிச்சு அண்ணாத்தே" என்றார் ஹபிபுல்லா பாய். "நடுவால தடுப்பு நிக்கணும்னுச்சு, நிறுத்திட்டேன். இப்ப ஊடு ரெண்டா கீது. அந்தாண்ட ஒரு வாசல், இந்தாண்ட ஒரு வாசல்."

தாட்சாயிணி ஜன்னலுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு காலம் என்றுதானே பேச்சு என்று கேட்டேன்.

"அன்னிக்கு நான் தூணைக் கேக்கலீங்க" என்றாள். "உங்க கூட இன்னும் எத்தினி காலம்னு கேட்டேன்."

இந்தக் கூரை இனி விழவே விழாது என்று சத்தியம் செய்தேன்.

"கூரைன்னா வுழும். அதுக்கு நான் இன்னா சொல்ல முடியும்? நீங்க ஓடுனீங்க."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பினேன். அப்போதுதான் தடுப்பின் நடுவில் ஒரு கதவு இருப்பது கண்ணில் பட்டது. போன உயிர் திரும்பியது.

"கதவு வெச்சிருக்கியே தாட்சா."

"உங்களுக்கு ஒடம்புக்கு முடியலைன்னா நான் வந்து பாக்கணும்ல."

"தாழ்ப்பாள்?"

"என் பக்கம்."