கொசு அக்காவும் ஆண் கொசுப் பெட்டியும்

ஈப்போவில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் நாற்காலியில் உட்காராமல், நேராகச் சமையலறைக்குப் போய் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் மண்டியிடுகிற ஒரே விருந்தாளி கொசு அக்காதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஐஸ்பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு ஒன்று இருப்பது பல வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. அக்காவுக்குத் தெரியும். கைப்பையிலிருந்து டார்ச் லைட்டை எடுத்து அடித்துப் பார்த்துவிட்டு, "ஜெந்திக் இருக்குலா. நல்லா கொழுகொழுன்னு வளத்து வச்சிருக்கீங்க" என்பார். ஜெந்திக் என்றால் கொசுப்புழு. பிரியாணிச் சட்டியோடு நிற்கும் வீட்டுக்காரிக்கு அந்த நேரத்தில் எப்படி இருக்கும்? அதனால் அக்காவை இரண்டாவது தடவை விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் மிகக் குறைவு.

அக்கா பீடோர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்து, படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, ஒரு பல்கலைக்கழகத்தின் கொசு ஆய்வுக்கூடத்தில் தலைமை ஆய்வாளராக இருப்பவர். அறைக் கதவில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கும். அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாசல் காவலாளி முதல் மாணவர்கள் வரை எல்லாருக்கும் அவர் கொசு அக்காதான். நான் அங்கே மக்கள் தொடர்பு வேலையில் இருந்தேன். ஊர் மக்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வருவது, எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வைப்பது, சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்புவது. இதுதான் என் வேலை. அக்காவை வைத்துக்கொண்டு அந்தக் கடைசிப் பகுதிதான் பெரும்பாடு.

சித்தியவானில் என் கல்யாணம் நடந்தது. பாதிரியார் ஆசி கூறி முடித்ததும் எல்லாரும் படம் எடுக்க முன்னால் வந்தார்கள். அக்காவும் வந்தார், ஆனால் என்னிடம் இல்லை. பீடத்துக்குப் பக்கத்தில் இருந்த பூச்சாடிக்கு வந்தார். பழைய தண்ணீரை மாற்றாமல் புதுப் பூவைச் செருகியிருந்தார்கள் போல. கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி என் மாமனாரிடம் கொண்டுபோய், "பாருங்க, எப்படி நெளியுது" என்று காட்டினார். மாமனார் தம்ளரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "இவங்க உங்க வீட்டு ஆளாம்மா?" என்று கேட்டார். "ஆபீஸ் ஆளு மாமா" என்று சொல்லித் தப்பித்தேன். ஆல்பத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அக்கா எங்கேயாவது குனிந்துகொண்டுதான் இருக்கிறார்.

அவருடைய ஆராய்ச்சி ஆண் கொசுவைப் பற்றியது. ஆண் கொசு கடிக்காது. ஆய்வுக்கூடத்தில் அதை ஒரு விதமாகப் பக்குவப்படுத்தி வெளியே விடுவார்கள். அதோடு சேர்கிற பெண் கொசு முட்டை போடும், ஆனால் முட்டை பொரியாது. தொடர்ந்து விட்டுக்கொண்டே வந்தால் கொசு குறையும், டெங்கியும் குறையும் என்பது கணக்கு. இதை ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரு தெருவில் விட்டுப் பார்க்க முடிவானது. ஆனால் தெருக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். அவர்கள் மறுத்தால் திட்டம் வேறு மாநிலத்துக்குப் போய்விடும். அக்கா வருடக்கணக்கில் தன் கையாலேயே வளர்த்த கொசுக்களும் வேறு யாரிடமோ போய்விடும்.

தெரு சம்மதிக்கவில்லை. 'நம்ம ஆளுங்கள வச்சு சோதன பண்றாங்க' என்று ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய தடை சுப்ரா அண்ணே. தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். முந்தைய வருடம்தான் அவர் மனைவி டெங்கியில் இறந்துபோனார். அவர் வேண்டாம் என்றால் அந்தத் தெருவே வேண்டாம் என்றுதான் சொல்லும். நானும் அக்காவும் கடைக்குப் போனோம்.

"என் பொண்டாட்டிய கொண்டுபோனது கொசு. நீங்க இன்னும் கொசு கொண்டாந்து விடப் போறேன்னு என் கடைக்கே வந்து சொல்றீங்க" என்றார் அவர். சத்தம்கூடப் போடவில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அக்கா, "ஆமாண்ணே, கேக்க அப்படித்தான் இருக்கும். நீங்க எங்க லேப்புக்கு வந்து கொசுப் பெட்டிக்குள்ள கைய விட்டுப் பாருங்க. அப்புறம் வேணாம்னா வேணாம்" என்றார். நான் அவர் காலை மிதித்தேன். "ஏன் மிதிக்கிற?" என்று சத்தமாகக் கேட்டார்.

எப்படியோ ஒரு சனிக்கிழமை, தெருக்காரர்கள் பேருந்தில் வந்து இறங்கினார்கள். சுப்ரா அண்ணேயும் வந்திருந்தார். பெங்காரா, அதாவது ஆய்வுக்கூடத்தின் தலைவர், படம் பிடிக்கக் கைப்பேசியோடு தயாராக நின்றார். மேசைமேல் வலை அடித்த பெட்டி, அதற்குள் கூட்டமாக ஆண் கொசுக்கள். இரண்டு பக்கமும் சட்டைக் கை மாதிரி துணி தைத்திருக்கும். அதன் வழியாகக் கையை உள்ளே விடலாம்.

"இது எல்லாமே ஆம்பள கொசு. இனிப்புத் தண்ணி குடிக்கும், பொண்ணு தேடிச் சுத்தும், வேற வேல கெடையாது. சீக்கிரமே செத்துரும்" என்று அக்கா விளக்கினார்.

"எங்க வூட்லயும் ஒண்ணு இருக்கு டாக்டர். சாகத்தான் மாட்டேங்குது" என்றார் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா. அவர் கணவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். சுப்ரா அண்ணே சிரிக்கவில்லை. எழுந்து வந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

"உள்ள பொம்பள கொசு ஒண்ணுகூட இல்லியா?"

"இல்லண்ணே. நானே பிரிச்சேன்."

ஒரு பக்கத்திலிருந்து அவர் கையை விட்டார். மறுபக்கத்திலிருந்து அக்கா விட்டார். கொசுக்கள் எழும்பிச் சுற்றி, சுப்ரா அண்ணே கைமேல் உட்கார்ந்தன. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மனைவியைக் கொன்ற பிராணி தன் தோல்மேல் ஊர்வதை அந்த மனிதர் பொறுத்துக்கொண்டு நின்றார். இனி சம்மதம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். அக்காவின் மணிக்கட்டில் ஒரு கொசு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் வயிறு சிவந்துகொண்டே வந்தது. பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரியவில்லை.

"அக்கா, மெதுவா கைய எடுத்துருங்க. யாரும் பாக்கல" என்று அவர் காதில் சொன்னேன்.

அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சொன்னால் கையை விட்டுப் போகப் போவது என்னவென்று அவருக்கும் தெரியும்.

"சுப்ராண்ணே, கைய எடுத்துருங்க. நான் சொன்னது தப்பு. உள்ள பொம்பள கொசு ஒண்ணு இருக்கு. என்னய கடிச்சிக்கிட்டு இருக்கு."

கூடமே அமளியானது. முன்வரிசை அம்மா, சற்று முன் கேலி செய்த அதே கணவருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். பெங்காரா கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு என்னை முறைத்தார், நான்தான் போய்க் கடித்தேன் என்பதைப் போல. சுப்ரா அண்ணே கையை உருவிக்கொண்டார். அக்கா மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் கொசு பறந்துவிடுமாம். "கிட்ட வாங்க, வயிறு செவக்குது பாருங்க. இப்பதான் வித்தியாசம் நல்லா தெரியும்" என்று அந்த நிலையிலும் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

"கூட்டுப்புழுவா இருக்கும்போதே சல்லடையில சலிச்சுத்தான் பிரிக்கிறோம். பொம்பளது பெருசு, ஆம்பளது சின்னது. எப்பவாவது ஒல்லியா ஒண்ணு தப்பிச்சு வந்துரும். உங்க தெருவுல விடும்போதும் வரலாம். இது லேப்ல பொறந்தது, டெங்கிக் கிருமி கெடையாது, அரிக்கும், அவ்ளோதான். ஆனா இல்லவே இல்லன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

சுப்ரா அண்ணே அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுண்ணே."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. "கடிச்சிச்சேண்ணே" என்றார்.

சுப்ரா அண்ணே யாரிடமும் இல்லாமல், பெட்டியைப் பார்த்துப் பேசினார். "அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப எல்லாரும் ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க. நானும் அவகிட்ட அதையேதான் சொன்னேன். ஒரு ஆளாச்சும் பயப்படணும்னு சொல்லியிருந்தா…" முன்வரிசை அம்மா கணவருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. சட்டைக் கையை மறுபடியும் சுருட்டி, அதே பெட்டிக்குள் கையை விட்டார்.

"என் கடை வாசல்லேர்ந்தே ஆரம்பிங்க டாக்டர்" என்றார்.

அதன் பிறகு கையை விட வரிசையே நின்றது. அக்கா மணிக்கட்டைச் சொறிந்துகொண்டு அழுதார். அரிப்பினால் அழுகிறார் என்று நினைத்து யாரோ தைலத்தை நீட்டினார்கள்.

புந்தோங்கில் கொசு விட்டார்கள். டெங்கி குறைந்ததா என்று கேட்டு வந்த தொலைக்காட்சிக்காரர்களிடம் அக்கா, "இப்ப சொல்ல முடியாதுலா, இன்னும் பாக்கணும்" என்று சொல்லிப் பெங்காராவின் தூக்கத்தைக் கெடுத்தார். நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

போன மாதம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்து விடாமல் அடித்தது. கணவர், மாமியார், பக்கத்து வீட்டுக்காரர், கிளினிக்கில் இருந்த பெண், எல்லாரும் பயப்படாதே என்றார்கள். எனக்குப் பயம் போகவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். "நான் அந்த டாக்டர் இல்லலா" என்று அலுத்துக்கொண்டே, ரத்தப் பரிசோதனையில் வந்ததையெல்லாம் வாசிக்கச் சொன்னார். மறுபடி ஒரு தரம் வாசிக்கச் சொன்னார். சாப்பிடுகிறாளா, வாந்தி எடுத்தாளா, உடம்பில் புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு அந்த எண்களைத் தனக்குள்ளேயே முணுமுணுத்துக் கணக்குப் பார்த்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல தங்கச்சி, பயப்படாத" என்றார்.

எல்லாரும் சொன்ன அதே வார்த்தைதான். அவர் சொன்ன பிறகுதான் நான் உட்கார்ந்து அழுதேன்.