திறந்ததுதான் திறந்தோம்

மூடி என்று ஒன்று இருந்தால் அது கழற்றுவதற்குத்தான் என்று நம்புகிற ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். சுவரில் ஸ்விட்ச் லேசாக ஆடினால் நீங்களும் நானும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். இவர்கள் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்கள். தேடும்போதே முகத்தில் ஒரு களை வந்துவிடும். கழற்றுவதோடு விட்டாலும் பரவாயில்லை. கழற்றிய பிறகு ஒரு வாக்கியம் சொல்வார்கள் பாருங்கள், வியாதியே அதுதான்: "திறந்ததுதான் திறந்தோம், அப்படியே இதையும் ஒரு பார்வை பார்த்துடலாம்."

அந்த 'அப்படியே'யில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் காணாமல் போயிருக்கின்றன, தெரியுமா?

எங்கள் கீழ்வீட்டுக்காரர் இந்த இனத்தில் முதல் தரம். அவர் வேலை செய்யும்போது டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மாடியில் குடியிருக்கும் பாவத்துக்கு, அந்த ஆள் நான்.

இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் பெரிது. அவருடைய மாமனார் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. அந்த மனிதர் வாய் திறந்து பேசுகிற ஒரே படம் மகளுக்கும் நம்மவருக்கும் நடந்த கல்யாணத்தின் டிவிடியில்தான் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது. எடுத்த ஸ்டுடியோக்காரர் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். "அவர் குரலை ஒரு தடவை கேக்கணும்டி" என்று மாமியார் போனில் அழுதிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மகள் முன்னேற்பாடாகப் பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னால், படம் தடுக்கித் தடுக்கி ஓடி, அப்பா பேச வாயெடுக்கும் இடத்தில் நின்றே போகிறது.

"டிரைவுக்கு வயசாயிடுச்சு," என்றார் நம்மவர், நாடி பிடித்துப் பார்த்த முகத்தோடு. "புதுசு ஒண்ணு போட்டா சும்மா பறக்கும்."

"கடைக்காரரையே வந்து போடச் சொல்லுங்களேன்," என்றார் மனைவி.

"நாலு ஸ்க்ரூ. இதுக்கு ஓர் ஆளா?"

நாலு ஸ்க்ரூதான். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே விசிறியில் தூசியைக் கண்டு, திறந்ததுதான் திறந்தோம் என்று அதைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, தட்டிய தூசி துவைத்து மடித்த துணியில் போய் உட்கார்ந்து, அதற்கு வாங்க வேண்டியதை மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பழைய டிரைவை உருவி ஓரமாக வைத்துவிட்டுப் புதியதைச் செருகப் போனால், பழைய கேபிள் மூன்று விரல் அகலம், புது டிரைவின் வாயோ ஒரு விரல்கூட இல்லை. ஓடு கடைக்கு. இரண்டையும் இணைக்கும் குட்டிச் சாமான் வந்தது. அது பொருந்தியதும் கரண்ட் வயர் எட்டவில்லை. ஓடு கடைக்கு. இப்போதெல்லாம் கடைக்காரர் இவர் தலையைக் கண்டதுமே நாற்காலியை எடுத்துப் போட்டுவிடுகிறார்.

எல்லாம் மாட்டி முடித்ததும் கம்ப்யூட்டரே கிளம்பவில்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டியது. ஒன்று கவனியுங்கள்: இந்த இனத்தார் எதையும் கெடுப்பதில்லை. "கை பட்டிருக்கும்" என்பார்கள். யார் கை என்று கேட்கக் கூடாது. "முன்னாடியே லூஸா இருந்திருக்கும்" என்பார்கள். அதுவும் போதாவிட்டால், டார்ச் பிடித்தவன் சரியாகப் பிடிக்கவில்லை. கடைசியில் மிஞ்சிய இரண்டு ஸ்க்ரூக்களைப் பற்றிக் கேட்டேன். "கம்பெனிக்காரன் தேவைக்கு மேல போட்டிருக்கான்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எப்படியோ சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி உயிர்பெற்றது. பொத்தானை அழுத்தி, டிரைவின் தட்டு வெளியே வந்து உள்ளே போவதை வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை. மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"டிஸ்க்கை எடு," என்றார் நம்மவர்.

"எங்கிட்ட ஏது? நீங்கதானே போட்டுப் பார்த்தீங்க?"

"இந்த வீட்ல எது வெச்ச இடத்துல இருக்கு?"

அலமாரி, மெத்தைக்கு அடி, குப்பைக்கூடை, எல்லாம் பார்த்தாயிற்று. "பரவாயில்ல மாப்பிள்ளை, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று மாமியார் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். மனைவி பொறுமையாக ஒரு கேள்வி கேட்டார்.

"பழைய டிரைவைக் கழட்டினீங்களே... உள்ள இருந்த டிஸ்க்கை எடுத்துட்டுத்தானே கழட்டினீங்க?"

எல்லோரும் மெதுவாக அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தோம். காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது, பழைய டிரைவ்.

"அதை இனிமே மொத்தமா பிரிச்சாத்தான்..." என்று நம்மவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஓடினார். பழைய டிரைவின் முகப்பில், அவசரத்துக்குத் தட்டை வெளியே தள்ளவென்றே ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. மனைவி ஓர் ஊக்கை எடுத்து அதில் குத்தினார். தட்டு எட்டிப் பார்த்தது. டிஸ்க்கின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கட்டைவிரல் ரேகை. யாருடையது என்று சொல்ல மாட்டேன். மாமியார் கண்ணாடி துடைக்கும் துணியால் அதை அழுத்தித் துடைத்துக் கொடுத்தார்.

படம் ஓர் இடத்தில்கூடத் தடுக்காமல் ஓடியது.

"பார்த்தீங்களா? புது டிரைவ்!" என்றார் நம்மவர், மூச்சிரைக்க வந்து நின்று. நான் அந்தத் துணியைப் பார்த்தேன்.

திரையில் கல்யாண மண்டபம். மைக் வேலை செய்யவில்லை போலிருக்கிறது. புதுத் துணியோடு தரையில் குந்தி, மைக்கைப் பிரித்து மடியில் பரப்பிக்கொண்டு இருக்கிறார் பெண்ணின் அப்பா. "என்னங்க, பொண்ணு காத்துட்டிருக்கா, எழுந்து வாங்க!" என்கிறது மாமியாரின் இளைய குரல். அவர் தலையை நிமிர்த்துகிறார், சிரிக்கிறார், வாயெடுக்கிறார்:

"இரும்மா, திறந்ததுதான் திறந்தேன், அப்படியே இதையும் ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன்."

மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் கண்ணீர் கொட்டியது. "இதேதான்... இதையேதான் சொல்லிட்டே இருப்பாரு... இன்னொரு தடவை போடுங்க, மாப்பிள்ளை." மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தார். நம்மவர் முகத்தில், பரம்பரைச் சொத்து கைக்கு வந்த மாதிரி ஒரு பெருமை.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நமக்கு இந்த வியாதி கிடையாது என்ற தைரியம்தானே? எதற்கும் உங்கள் மேஜை இழுப்பறையை ஒரு தடவை திறந்து, எதிலிருந்து மிஞ்சியது என்று தெரியாத ஸ்க்ரூ ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். இல்லையா? நல்லது, மூடிவிடுங்கள்.

ஏன் இன்னும் மூடவில்லை? திறந்ததுதான் திறந்தோம், அப்படியே இழுப்பறையை ஒழுங்குபடுத்தி விடலாமே என்று பார்க்கிறீர்களா?