சகலையின் முதுகு தேறிய விவகாரம்

பெருமதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம், என் இடுப்பு நீங்கலாக. அங்கு நலமா என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் நலமோ நலம் என்று உங்கள் கொழுந்தியாள், அதாவது என் வீட்டுக்காரி, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன ஞாயிறு வந்தவர், யாரும் கேட்காமலே எங்கள் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தீர்களே, நீங்க தூக்கினது சிலிண்டர் இல்ல சகலை, என் மானம். "பாருங்க, உங்களைவிட நாலு வயசு மூத்தவரு!" என்கிறாள். எட்டு வருஷமா நாம ரெண்டு பேரும் ஒரே தைலம், ஒரே பெல்ட், எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல நாற்காலி கேக்கிறதுல ஒரே குரல். அந்த ஒற்றுமையைக் குலைத்தது நீங்கள். நான் குனிந்து மூன்று வருஷமாகிறது. என் பாத்திரக்கடையில் அடித்தட்டுச் சாமானையெல்லாம் மார்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். செருப்பு வாரை அவள்தான் மாட்டிவிடுகிறாள், மாட்டும்போது உங்கள் பெருமையைப் பேசுகிறாள். ஒரே ஒரு தடவை நானே குனிஞ்சு, நானே மாட்டிட்டுக் கடைக்குப் போகணும், அவ்வளவுதான் என் ஆசை.

அதற்காகத்தான் நீங்கள் சொன்ன பிசியோதெரபி அம்மாவிடம் போனேன். கரண்ட் வைப்பார், அமுக்குவார் என்று சட்டையைக் கழற்றப் போனால், உட்காரச் சொல்லி, "குனிஞ்சா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்றார். "ஒடிஞ்சிடும்." "யார் சொன்னா?" "ஸ்கேன்." "இந்தத் தேய்மானம் வலியே இல்லாத பலருக்கும் இருக்குங்க. முதுகு கெட்டியாத்தான் இருக்கு, நீங்கதான் அதை நம்ப மாட்டேங்கிறீங்க." தூக்கம் எப்படி, கவலை என்ன, வலிக்கும்போது மனசுல என்ன ஓடுது என்று கேள்விமேல் கேள்வி. பெண் கொடுத்த நம் மாமனார்கூட என்னை இவ்வளவு விசாரிக்கவில்லை. பிறகு, "வலி பத்துக்கு எத்தனை?" என்றார். அங்கேதான் சறுக்கினேன். முப்பது வருஷ வியாபாரத்துல நம்ம வாயில முதல்ல வர்றது என்னைக்கு உண்மை விலையா இருந்திருக்கு? ஐந்தை மனதில் வைத்து ஒன்பது என்றேன். குறைத்துக் கேட்பார், ஆறில் முடிக்கலாம் என்று. அந்தம்மா பேரமே பேசாமல் எழுதிக்கொண்டார்! நீங்கள் நாலு என்று உண்மையைச் சொல்லி மூன்றாம் வாரமே வாளியைத் தூக்கினீர்கள். நான் அந்த ஒன்பதுக்குக் கொடுத்த லேசான பயிற்சியாக, ஆறு வாரமாக மல்லாந்து முழங்காலை ஆட்டுகிறேன். வீட்டுக்கு வரும்போது அதையும் எட்டிப் பார்த்து, "என்ன சகலை, இன்னும் தொட்டில்லயேவா?" என்கிறீர்கள். வலி கூடும் நேரத்தை நோட்டில் எழுதச் சொன்னார், எழுதினேன். படித்துவிட்டு, "சகலை வந்த அன்னைக்கு எட்டு, போன் பண்ணினா ஏழு. யாருங்க அது?" என்று சிரிக்கிறார்.

ஆகவே இனி அங்கே போவதில்லை. பேசியே தீர்கிற வலியானால் என் வீட்டிலேயே எப்போதோ தீர்ந்திருக்கும். நீங்களும் இனி எங்கள் வீட்டில் டம்ளரைத் தவிர எதையும் தூக்கக் கூடாது.

மூத்த மைத்துனியாருக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் முதுகு நீடூழி வாழ்க, கொஞ்சம் அடக்கமாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சகலை

பின்குறிப்பு: கையெழுத்துப் போடப்போகும்போது பேனா உருண்டு மேசைக்கடியில் விழுந்தது. எடுத்துக் கையெழுத்தும் போட்ட பிறகுதான் உறைத்தது, குனிந்தது நான். ஒடியவில்லை. வலித்தது, மூன்று. பேரமில்லாத மூன்று. வீட்டுக்காரி கதவோரம் நின்று, "எங்க, இன்னொரு தடவை பேனாவைக் கீழ போடுங்க பார்ப்போம்" என்கிறாள். செவ்வாய்க்கிழமை எனக்கும் நேரம் வாங்கிவையுங்கள், அந்த ஒன்பதை நானே குறைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: முதன்முதலில் குனிந்தபோது உங்களுக்கு எத்தனை? மூன்றுக்குக் கீழே என்றால் பதிலே போட வேண்டாம்.