காத்தரும் காற்றில்லாமல் ஓடிய காரும்

மட்டக்களப்பில் வாகனம் ஓட்டியவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர் இருப்பார்கள். சில்லுக்குக் காற்றுப் போனதும் சந்தோஷப்பட்ட ஒரே சாரதி எங்கள் காத்தர்தான்.

போன மாதம் அக்காவின் மகன் தொலைபேசியில் கூப்பிட்டு, வாங்கப்போகிற காரைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டான். அதில் ரன்-பிளாட் டயராம். பஞ்சரானாலும் நிற்காதாம், மெதுவாகக் கொஞ்சத் தூரம் ஓடுமாம். "சித்தி, நம்மட ரோட்டுக்கு இது நல்லமா?" அவனுக்கு நான் சொன்ன பதில் என்னுடையதல்ல. அது காத்தரின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு அவர் வந்து சேர்ந்த கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு நிவாரண நிறுவனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. அதில் ஒன்றில் நான் கள உத்தியோகத்தர். காத்தர் அங்கே சாரதி, தன் சொந்த வானையும் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவர். காற்றுப் போவதை வைத்து ஊர் வைத்த பட்டம்தான் காத்தர்; உண்மைப் பெயர் சம்பளத்துக்குக் கையெழுத்து வைக்கும்போது மட்டும் வெளியே வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரோடு பெரியகல்லாற்றில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். பாதி வழியில் பஞ்சர். மற்றச் சாரதிகள் என்றால் வண்டியைத் தூக்கும் ஜக்கைத் தேடி ஓடுவார்கள். காத்தர் வானின் பின்பக்கத்திலிருந்து ஒரு மடக்குக் கதிரையை எடுத்து, வேலியோரத்து நிழலில் போட்டு, எனக்கும் ஒன்றை விரித்து, போத்தலிலிருந்து பிளேன்டீ ஊற்றினார்.

"டயர மாத்தல்லியா அண்ணே?"

"மாத்துவம் புள்ள. இப்பதான நிக்கச் சொல்லியிரிக்கு. சொன்ன உடனே வெளிக்கிட்டா மரியாதை இல்ல."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டத்துக்கு வந்த சனம் வடையையும் ரோல்ஸையும் சாப்பிட்டு முடித்து, தீர்மானங்களையும் தாங்களே எடுத்துவிட்டுக் கலைந்திருந்தது. அடுத்த நாள் எங்கள் இணைப்பாளர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். கொழும்பிலிருந்து வந்தவர் அவர். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு வசனத்தை முடிக்கமாட்டார்.

"ஏன் ரோட்டில நிண்டீங்க?"

"நான் நிக்கல்ல சேர். வான்தான் நிண்டது. நான் அதுக்குத் துணையா இருந்தன்."

இன்னொரு முறை பழைய கல்லடிப் பாலத்தின் நட்டநடுவில் காற்றுப் போனது. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் மட்டுமே போகக்கூடிய பாலம் அது. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் காத்தான்குடிக்குத் துணி ஏற்றிக்கொண்டு போகும் லொறி, அதற்குப் பின்னால் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். காத்தர் கதிரையை எடுக்கப் போனார். மாப்பிள்ளை உட்பட எல்லோரும் இறங்கி வந்து வானையும் எங்களையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்க் கரையில் விட்டார்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் பட்ட கிறீஸ் கல்யாணப் படங்களில் இன்றும் இருக்கும்.

இப்படி ஒரு மனிதரை ஏன் வைத்துக்கொண்டிருந்தோம் என்று கேட்பீர்கள். காரணம் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காத்தர் ஒரு வாடகைப் பயணம் போய்க்கொண்டிருந்தார். டவுனில் இருந்த ஒரு பறங்கிக் குடும்பம், இயேசு பிறந்த நத்தார் முடிந்த மறுநாள் கடற்கரையில் சாப்பிட்டு விளையாடிவிட்டு வரப் புறப்பட்டிருந்தது. கேக், கோழிக்கறி, கித்தார், பிள்ளைகள் என்று வான் நிறைந்திருந்தது. கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கத்தில், டவுன் கரையிலேயே சில்லுக்குக் காற்றுப் போனது. காத்தர் அப்போது மற்றவர்களைப் போன்ற சாரதிதான், அவசரமாகவே மாற்றினார். ஆனால் நட்டு ஒன்று இறுகிப்போய்க் கழலவில்லை. அந்த வீட்டு அம்மா வெயிலில் நின்று, "நீ எல்லாம் என்ன டிரைவர்? காத்துப் பாக்காமலா வாகனம் எடுக்கிற?" என்று ஏசிக்கொண்டே இருந்தார். நட்டு கழன்ற நேரம் பாலத்துக்கு மேலால் சனம் இந்தப் பக்கம் ஓடி வந்தது. கடல் வருகுது, கடல் வருகுது என்ற சத்தம்.

அந்த வானில் இருந்த ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்தில் காத்தருக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி அவர் கதைக்கமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். ஏசிய அம்மா மட்டும் ஒவ்வொரு நத்தாருக்கும் கேக் அனுப்புவார். "பாதி உனக்கு, பாதி உன்ட டயருக்கு" என்று சொல்லி அனுப்புவாராம்.

அன்றிலிருந்துதான் காத்தருக்குப் பஞ்சர் என்றால் மேலே இருப்பவர் போடுகிற பிரேக். அவர் போட்ட பிரேக்கை நாம் உடனே எடுக்கக்கூடாது.

இந்த நேரத்தில்தான் ரன்-பிளாட் டயர் வந்தது. கொழும்புத் தலைமையகத்தில் ஓடிக் களைத்த ஒரு வெளிநாட்டுக் காரை எங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். இணைப்பாளருக்கு அளவில்லாத சந்தோஷம். காத்தரைக் கூப்பிட்டு வகுப்பெடுத்தார். இந்த டயரின் பக்கச் சுவர் தடிப்பு. காற்று முழுக்கப் போனாலும் கார் விழாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு கடைவரைக்கும் ஓடலாம். இருட்டோ மழையோ, ரோட்டில் இறங்கி நின்று சில்லு மாற்றத் தேவையில்லை.

காத்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டிக்கியைத் திறந்து பார்த்தார்.

"அஞ்சாவது சில்லு எங்க சேர்?"

"இதுக்கு அது தேவையில்ல. டிக்கியில இடமும் மிச்சம், பாரமும் குறைவு."

"அப்ப நம்மள நிப்பாட்டுறது ஆரு?"

இணைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காற்றுக் குறைந்தால் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும் என்றும் அவர் சொல்லியிருந்தார். இந்த வகை டயர் வெளிப்பார்வைக்கு உடனே சப்பையாகத் தெரியாது, விளக்கைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அந்த விளக்கு காத்தருக்குப் பிடிக்கவில்லை. அதற்கு மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

அந்தக் காரில் போன சுகத்தைச் சொல்ல வேண்டும். சாதாரண டயர் கல்லில் ஏறினால் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். இது கொடுக்காது. வாகரை ரோட்டில் அப்போது தாரைவிடப் பள்ளம்தான் அதிகம். ஒரு தடவை போய் வந்தால் முள்ளந்தண்டில் எத்தனை எலும்பு என்று எண்ணிச் சொல்லலாம். இரண்டு கிழமையில் இணைப்பாளரே தலையணையோடு வேலைக்கு வரத் தொடங்கினார்.

பிறகு வாகரைப் பக்கம் சண்டை இறுகியது. சனம் காட்டுக்குள்ளால் நடந்து வந்து சேர்ந்தது. செங்கலடிக்கு உள்ளே, வட்டையோரத்தில் ஒரு முகாம். வயலை ஒட்டியே கூடாரங்கள்.

ஒரு நாள் மத்தியானம் அங்கே வேலையாக நின்றபோது ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வாகரைப் பக்கத்து விவசாயி, ஐம்பது வயதிருக்கும். விறகு பொறுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்திருந்தது. முகாமில் நின்ற ஒரே வாகனம் எங்கள் கார்தான். பின் சீட்டில் அவரைச் சாய்த்து, பக்கத்தில் நான் ஏறிக்கொண்டேன். நித்திரை கொள்ள விடவேண்டாம், கதை கொடுத்துக்கொண்டே போங்கள் என்று முகாமில் இருந்த தாதி சொல்லிவிட்டாள்.

கதை கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"தங்கச்சி, என்ட பசு வாகரையிலதான் நிக்குது. கண்டுக்குட்டி போடுற மாசம். நான் போயிட்டா அத ஆரு பாக்கிற?"

"நீங்க போகமாட்டீங்க அண்ணன்."

கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் பல்லைக் கடித்தார். "தம்பி, இது காரா உரலா? இதுக்குப் பாம்பு கடிச்சதே தேவலடா மனே."

காத்தர் அடுத்த பள்ளத்தைச் சுற்றி ஸ்டியரிங்கை வளைத்தார். ஏறாவூரைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் வந்திருப்போம். எங்களுக்குப் பின்னால் பெரிய வெடிச்சத்தம். நிலம் ஒரு தரம் குலுங்கியது. தொடர்ந்து துப்பாக்கிச் சத்தம். காத்தர் காரை ஓரத்துக்கு வெட்டினார். கீழே ஏதோ இரும்பு கிழித்த சத்தம் கேட்டது. ரோட்டுக்கரையில் நின்ற ஆமிக்காரன் ஒருவன் குந்தியிருந்தபடியே சிங்களத்தில் "யன்ன, யன்ன" என்று கத்தி, போகச் சொல்லிக் கையை வீசினான். நானோ முன்னால் பிள்ளையாரைத்தான் பார்த்தேன். பிள்ளையாரின் வயிறு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

கார் வேகம் குறைந்தது. காத்தரின் கால் பிரேக்குக்குப் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது.

"அண்ணே, நிப்பாட்டாதீங்க."

"காத்துப் போயிட்டு புள்ள." அவருடைய குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "நிக்கச் சொல்லுது."

அவர் உயிரோடு இருப்பதே அப்படி ஒரு தரம் நின்றதால்தான் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதரிடம் என்ன சொல்வது?

பின் சீட்டிலிருந்து அந்த விவசாயிதான் பேசினார். நாக்குத் தடிக்கத் தொடங்கியிருந்தது. "தம்பி, நிக்கச் சொல்லுறது டயர். போகச் சொல்லுறது நான். நீ ஆருட சொல்லக் கேக்கப்போற?"

காத்தர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

கார் போனது. ஆனால் அந்த டயரில் வேகமாகவும் போகக்கூடாது. வேகம் எடுத்தால் பக்கச் சுவரும் வெந்து கார் அந்த இடத்திலேயே இருந்துவிடும் என்று இணைப்பாளர் வகுப்பில் சொல்லியிருந்தார். பின்னால் வெடிச்சத்தம், சீட்டில் விஷம் ஏறுகிற மனிதர், நாங்களோ கோயில் தேர்போல ஊர்ந்துகொண்டிருந்தோம். தன்னாமுனையில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்தினார். முந்தும்போது திரும்பிப் பார்த்து, "அண்ணன், பின் சில்லுக்குக் காத்தில்ல" என்றும் சொல்லிவிட்டுப் போனார். காத்தர் வாய்க்குள் தேவாரம் பாடினார். விவசாயிக்குக் கண் சொருகும்போதெல்லாம் நான் பசுவின் பெயரைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் கோபத்தோடு சொன்னார். அந்தக் கோபம் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

ஊறணி வந்தது. டவுன் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கார் திரும்பி நின்றபோது ரப்பர் வெந்த மணம் மூக்கை அடைத்தது. ஆளை உருட்டுக் கட்டிலில் ஏற்றி உள்ளே கொண்டு ஓடினார்கள்.

நாங்கள் இருவரும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். நான் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணியைக் காத்தர் குடிக்காமல் பக்கத்தில் வைத்தார்.

"புள்ள, அண்டைக்கு நிண்டது சரி. இண்டைக்கு நிக்காம வந்ததும் சரி. அப்ப மறுகா நான் எத நம்பிற?"

"தேத்தண்ணியக் குடிங்க அண்ணே" என்றேன்.

நெடுநேரம் கழித்து ஒரு தாதி வெளியே வந்தாள். "பாம்புக் கடி நோயாளியோட வந்தது நீங்கதானே? ஆள் தப்பிட்டார். ஆனா வார்ட்டில ஒருத்தரையும் இருக்க விடுறார் இல்ல. ஏதோ பசுவாம், அதுக்கு ஆள் அனுப்பட்டாம்."

காத்தர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க இருந்தார். அது சிரிப்பு மட்டும்தானா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கும் அப்போது கண் தெளிவாகத் தெரியவில்லை.

அந்த டயரின் கதை மிச்சம் இருக்கிறது. ஏறாவூர் டயர் கடைக்காரர், ஊர் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், அதைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "இத ஒட்டேலா. உள்ளுக்குச் சுவர் வெந்து போயிட்டு. புதுசுதான் போடணும். அதுவும் கொழும்பிலதான் தேடணும்." விலையைக் கேட்ட இணைப்பாளர் முதல் தடவையாகக் கடிகாரத்தைப் பார்க்க மறந்தார். மாற்றுச் சில்லும் இல்லை. கார் மூன்று சில்லிலும் சில செங்கற்களிலுமாக அலுவலக வளவில் மாதக்கணக்கில் நின்றது. பக்கத்து வீட்டுக் கோழி பின் சீட்டில் அடைகாத்தது. குஞ்சுகள் வெளியே வந்த பிறகுதான் கொழும்பிலிருந்து டயர் வந்தது.

அதற்குள் நகரத்தில் பாதிப் பேர் காத்தரிடம் யோசனை கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே தீர்ப்புத்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போறவனுக்கு நல்லம். கல்யாணத்துக்குப் போறவன் நிண்டு போகலாம், அவனுக்கு வேணாம்."

அக்காவின் மகனுக்கும் இதைத்தான் சொன்னேன். "சித்தி, நான் கந்தோர் வேலைக்குத்தானே போறன்" என்றான். அப்படியென்றால் சாதாரண டயரைப் போட்டு, டிக்கியில் ஒரு சில்லை வைத்துக்கொள், பக்கத்து ஊரிலேயே ஒட்டலாம், இடுப்பும் மிஞ்சும் என்றேன். கேட்டது இருட்டில் தனியாக நெடுந்தூரம் ஓட்டுகிற ஒரு பெண்ணாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

சண்டை முடிந்தது. நிறுவனங்கள் வந்த மாதிரியே கூட்டமாகப் போய்விட்டன. நான் கொழும்புக்கு வேலை மாறினேன். காத்தர் தன் பழைய வானுக்கே திரும்பினார்.

போன வருடம் ஊருக்குப் போனபோது மட்டக்களப்பு ஸ்டேஷனில் காத்தர் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. மத்தியான வெயில். "ஏறு புள்ள" என்றார். வான் புறப்பட்டது மட்டும்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருடங்களில் எத்தனையோ பேருடைய வாகனங்களில் ஏறியிருக்கிறேன்; ஒன்றிலும் கண்ணை மூடியதில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

விழித்தபோது வான் எங்கள் வீட்டு வாசலில், நிழல் பார்த்து நிறுத்தப்பட்டிருந்தது. வெயில் தாழ்ந்துவிட்டது. காத்தர் கேற்றடியில் நின்று, வாழைப்பழம் விற்றுக்கொண்டு வந்தவனை வாயில் விரலை வைத்துச் சத்தம் போடாமல் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.