மெர்வ் வாங்கிய அமைதி

இதை எனக்கு முதலில் சொன்னது மெர்வேதான். போன ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, எங்கள் தேவாலயக் கூடத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு மடக்கு நாற்காலியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இதைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அடைக்குது" என்றார். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், கதையைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன்.

மெர்வ் காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். முதுகுக்குப் பின்னால் தினமும் ஒரு சந்தை இரைந்துகொண்டே வரும். ஓய்வு பெற்றதும் ஒரு கேரவன், அதாவது கட்டிலும் அடுப்புமுள்ள சக்கர வீடு, வாங்கிக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். அவருக்கு ஒரே ஒரு கனவு. வடக்கே, தார்ச்சாலை முடிந்து, மண்சாலையும் சலித்துப்போகிற தூரத்தில் ஓர் உப்பு ஏரி. சொட்டுத் தண்ணீர் கிடையாது. நிலா காய்ந்தால் பாலைக் கொட்டி உறைய வைத்த மாதிரி வெள்ளையாய்க் கிடக்குமாம். அதன் கரையில் உட்கார்ந்து தன் மூச்சைத் தானே கேட்க வேண்டும். பாத்திரம் கழுவும்போதுகூட அந்த ஏரி அவர் கண்ணுக்குள் மினுங்கும். கையிலிருக்கும் தட்டு நழுவும்.

அவர் மனைவி நோலீனுக்கோ ஆள் வேண்டும். கரண்ட் கொடுத்து கேரவன்களை வாடகைக்கு நிறுத்தவிடும் பார்க்கில், மெர்வ் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதற்குள் பக்கத்துக் கேரவன்காரர்களின் பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிடும். சாயங்காலம் ஐந்து மணியானால் அங்கே ஒரு வழக்கம். எல்லோரும் நாற்காலியும் கோப்பையுமாய் வந்து வட்டமாக உட்காருவார்கள். முழங்கால் வலி, டீசல் விலை, கழிவுத்தொட்டி நாற்றம். அதெல்லாம் முடிந்தால் பேட்டரி. ஈயமா, லித்தியமா? இந்த வழக்கு மட்டும் எந்த ஊரிலும் தீர்ந்ததில்லை.

அந்த வட்டத்தில் கொட்டாவி விட்டபடி இருந்தபோதுதான் மெர்வுக்குப் பொறி தட்டியது. நாம் ஏன் பார்க்குக்கு வருகிறோம்? பிளக்குக்காக. கூரையில் சோலார் தகடு இருக்கிறது; பிளக்கே வேண்டாத அளவுக்குப் பேட்டரியும் இருந்தால்? மனுஷரே வேண்டாம்!

மறுநாள் தூண்டிலைப் போட்டார்.

"நோலி, குட்டி மின்சார அடுப்பு ஒண்ணு வேணும்னு சொன்னியே."

"ரெண்டு வருஷமா சொல்றேன். இப்பத்தான் காதுல விழுந்துதா?"

"பெரிய பேட்டரியா போட்டுட்டா எங்க நின்னாலும் நீ ஸ்கோன் ரொட்டி சுடலாம்."

"எங்க நின்னாலும்னா?"

"எங்க நின்னாலும்தான்."

நோலீன் பின்னல் ஊசியை நிறுத்தினாள். "உன் உப்பு ஏரியில நின்னாலுமா?"

"அங்கயும்தான்னு வச்சுக்கோயேன். ஒரு மூணு வாரம்."

"சரி மெர்வ். உன் இஷ்டம்."

கல்யாணம் ஆன நாளாய் அவள் வாயில் வராத வார்த்தை அது. அங்கேயே மனுஷன் சுதாரித்திருக்க வேண்டும். கனவில் மிதப்பவருக்குக் கரை எங்கே தெரிகிறது?

கடைக்காரர் இரண்டு வகையையும் மேசையில் வைத்தார். "ஈயம் விலை கம்மி. ஆனா கனம். சட்டி நிறைய சோறு இருந்தாலும் பாதிக்கு மேல தொடவிடாத மாமியார் மாதிரி. அதுக்குக் கீழ எடுத்தா சீக்கிரமே ஆயுசு போயிடும். லித்தியம் அப்படியில்ல. அடிச்சட்டி வரைக்கும் வழிக்கலாம். கனமும் கால்வாசிதான்."

"லித்தியம்!" என்றார் மெர்வ், ஏலத்தில் கத்துகிறவர் மாதிரி.

நோலீன் மெல்லக் கேட்டாள். "இதுல, ராத்திரி மூக்குல மாட்டிக்கிட்டுத் தூங்குற மூச்சு மெஷின் ஓடுமா?"

"ஓடும்மா."

"நாலு மெஷின்?"

"உங்க தெருவுக்கே ஓடும்."

மெர்வுக்கு மூச்சில் ஒரு குறையும் இல்லை. இவள் எதையாவது கேட்பாள் என்று பணத்தை நீட்டினார்.

கேரவனில் இவ்வளவுதான் ஏற்றலாம் என்று கணக்குண்டு. மீறினால் அபராதம். ஈயத்தை இறக்கிவிட்டு லித்தியம் ஏற்றியதில் ஓர் ஆள் கனம் மிச்சமானது.

"அதுக்குத் தண்ணி ஏத்தலாம்" என்றார் மெர்வ்.

"பாதி தண்ணி. பாதி என் சாமான்."

"என்ன சாமான்?"

"வீட்டுச் சாமான். நீ ஓட்டு."

ஏரிக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலை, ஐயோ, அது மாலையா! வானம் ரோஜா நிறத்தில் கரைந்து உப்பின் மேல் வழிந்தது. காற்றுகூடச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்த மாதிரி இருந்தது. மெர்வ் தன் மூச்சைத் தானே கேட்டார். கண் கலங்கியது.

மறுநாள் மத்தியானம் தொலைவில் புழுதி. சுழற்காற்று என்று நினைத்தார். சுழற்காற்று முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அதன் பின்னால் ஒரு வரிசை.

"நோலி! யாரு இவங்க?"

"நம்ம வட்டம்தான். பேட்டரி வாங்கின அன்னிக்கே சொல்லிட்டேன். இங்க பறவை கூடு கட்டுற இடம், ஜெனரேட்டர் ஓட்டக்கூடாது. பாவம், கரண்டுக்கு வேற எங்க போவாங்க?"

முதல் காரிலிருந்து வட்டத்துக்காரர் கீத் இறங்கினார். ஒரு கையில் மூச்சு மெஷின், மறு கையில் நீள வயர். "மெர்வ், நீ நல்லா இருக்கணும்ப்பா. இது இல்லாம தூங்க முடியாம, பிளக் இருக்கிற எடத்தை விட்டு நான் நகந்தே வருஷக்கணக்காச்சு. நட்சத்திரம் பாக்கலாம்னு நோலீன் சொன்னா."

இதற்கு யார் மாட்டேன் என்பார்? மெர்வ் தன் கையாலேயே வயரைச் செருகினார்.

"சரி, யார் கையிலயும் நாற்காலியக் காணோமே, இத்தனை பேரும் எதுல உக்காருவாங்க?" என்றார், கடைசி நம்பிக்கையாக.

நோலீன் கட்டிலைத் தூக்கினாள். அடியில் மடக்கு நாற்காலிகள், விறகு மாதிரி அடுக்கி. "நீ மிச்சம் பிடிச்ச கனம்" என்றாள்.

ஐந்து மணிக்கு வட்டம் கூடியது. ஸ்கோன் மணம் ஏரியெல்லாம் பரவியது. இருட்டியதும் நிலா எழுந்து வந்தது. உப்பு முழுதும் பாலாகிப் பளபளத்தது. ஒருவரும் பேசவில்லை. கோப்பைகூடச் சத்தம் போடவில்லை. ஆண்டவருடைய அமைதி என்று நான் ஜெபத்தில் சொல்வேனே, அதுதான். கடைசியில் தான் வாங்கியது கைக்கு வந்துவிட்டது என்று மெர்வ் கண்ணை மூடினார்.

"அது சரி மெர்வ்," கீத் தொண்டையைச் செருமினார். "ஈயத்தை விட்டுட்டு ஏன் லித்தியம் வாங்கினே?"

இதற்கு மெர்வ் நின்றுகொண்டேதான் பதில் சொன்னார். நாற்காலி ஒன்று குறைந்துபோய், அவருடையதில் கீத் உட்கார்ந்திருந்தார்.

ஆகையால், அந்த ஏரிப் பக்கம் போகிறவர்கள் ஒரு மடக்கு நாற்காலி கூடுதலாக எடுத்துப் போங்கள். மெர்வ் பாவம், உட்காரட்டும்.